சீட்டில் இருநூற்றுப் பதினான்கு

என் மருமகளை நான் நம்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் கெட்டவள் என்று சொல்ல வரவில்லை. நான் பொதுவாக யாரையும் நம்புகிறவன் இல்லை. அவளை மட்டும் விட்டுவைக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பத்து நான்கு வருடம் கிடங்கில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் நாற்பது என்று இருந்து உள்ளே முப்பத்தெட்டு இருந்தால், தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போட்டதே கிடையாது. மேலாளர்கள் என்னை 'சந்தேகம்' என்று கூப்பிடுவார்கள். "சந்தேகம் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கு லாரியைத் திறப்பார்கள்.

அந்த வேலையைக் கெடுத்தவன் என் மகன்.

அவன் லிஃப்ட் மாட்டுகிற மெக்கானிக். ஒரே பிள்ளை. ஒருநாள் நான் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு ரேக்கில் இடித்துவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. நான் அதைச் சிரித்துக்கொண்டே அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் என் மேலாளரைப் போய்ப் பார்த்து, அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, பின்னால் ஆள் நின்றால் தெரியாது என்று சொல்லிவிட்டான். அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஐம்பது பேர் பார்க்கும்படி வாங்கினார்கள்.

பெற்ற அப்பனைப் பற்றி ஊரான் ஒருவனிடம் போய்ச் சொல்லுவானா? யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ மருமகள்தான் என்று முடிவு கட்டினேன்.

போன் கடைக்குப் போய் மகனுடைய நம்பரைக் காட்டி, "இவன் குரல் எனக்கு வேண்டாம். இந்த நம்பர்ல இருந்து போன் வரக் கூடாது" என்றேன். கடைக்காரன் காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தட்டு தட்டினான். "எழுதி அனுப்பினா வரும்ல?" என்று கேட்டேன். "வரும், வரும்" என்றான், தலையைத் தூக்காமல்.

என் வாழ்க்கையிலேயே பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட பெட்டி அது ஒன்றுதான்.

மகன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பினேன்: வாயால் சொல்வது காற்றோடு போய்விடும், செய்த தப்பை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம். அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனதாக அவர் சொன்னார்.

எழுத்து வரவில்லை. தினமும் சாயங்காலம் போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பேன். புதிதாக ஒன்றும் இருக்காது. ஒன்றரை வருடம் பார்த்தேன். பிறகு ஒரு வியாழக்கிழமை, ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் அவன் சுருண்டு விழுந்தான். நெஞ்சு நின்றுவிட்டது. நாற்பத்தொரு வயது. கடைசியாக அவனைப் பார்க்கப் போனேன். ஓர் ஓரமாக நின்றேன். மருமகளிடம் பேசவில்லை. எழுத விடாமல் அவனைத் தடுத்தவளிடம் பேச என்ன இருக்கிறது?

பதினோரு வாரம் அவன் எழுதினானா இல்லையா என்ற கேள்வி தொண்டையிலேயே நின்றது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அவனுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள்.

"உள்ள வாங்க மாமா."

"உக்கார வரல. ஒண்ணு கேக்கணும். அவன் எனக்கு எழுதினானா இல்லையா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு ரெண்டு பஸ் மாறி வரேன்? அவன் போனைக் காட்டு."

"போன் அவரோட சேர்ந்து விழுந்துடுச்சு மாமா. தூள் தூளாயிடுச்சு."

"வசதியாப் போச்சு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தன் மேசை முன்னால் போட்டாள். "உக்காருங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் போன்ல இருக்கிற எழுத்தெல்லாம் தானா இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்துடும். கடைசி ஞாயிறு வந்த ஃபைல் இருக்கு. எடுத்துத் தரேன்."

அவளுக்கு வேலையே அதுதான். கம்பெனிகள் மூட்டை மூட்டையாக அனுப்பும் தகவல்களிலிருந்து கேட்டதை மட்டும் பொறுக்கிக் கொடுப்பது. வீட்டிலிருந்தே செய்கிறாள். பொறுக்குகிறவள் நினைத்தால் எதையும் ஒளிக்கலாம் என்று எனக்குத் தோன்றாமலா இருக்கும்?

"நீ படிச்சுக் காட்டினா நான் எப்படி நம்புறது? எழுத்தைப் பெரிசு பண்ணு. நானே பார்க்கிறேன்."

பெரிதாக்கினாள். இன்னும் என்றேன். இன்னும். கடைசியில் ஒரு திரைக்கு நாலே வரி நின்றது.

"பஸ் போர்டு மாதிரி இருக்கு மாமா. போதுமா?"

"போதும்."

திரையை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் அந்த ஃபைலை அப்படியே திறந்துவைத்தாள். அதற்கு எக்ஸ்எம்எல் என்று பெயராம். ஒரே குறியும் எழுத்துமாக இருந்தது. "இது என்ன, எறும்பு மொய்ச்ச மாதிரி?" என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள பெட்டி மாமா, உங்க கிடங்கு மாதிரிதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆரம்பத்துல ஒரு சீட்டு, முடியிற இடத்துல ஒரு சீட்டு. பெரிய பெட்டி மொத்த ஃபைல். அதுக்குள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி. ஆளோட பெட்டிக்குள்ள வந்ததுக்கு ஒண்ணு, அனுப்பினதுக்கு ஒண்ணு. அதுக்குள்ளதான் ஒவ்வொரு எழுத்தும். அந்த எழுத்துக்குள்ளயும் தேதிக்கு, நேரத்துக்குன்னு சின்னச் சின்னதா இருக்கு."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. அதனால் சந்தேகம் கூடத்தான் செய்தது.

வலது பக்கம் ஒரு வரி தட்டினாள். "இது பாதை. ஃபைலுக்குள்ள போ, அப்பாங்கிற ஆளோட பெட்டியைத் திற, அனுப்பினதுக்குள்ள போ, எழுத்தை எல்லாம் எடுன்னு சொல்றேன்." அந்த வரியின் முடிவில் ஒரு சதுர அடைப்புப் போட்டு அதற்குள் வேகமாக ஏதோ எழுதினாள்.

"அது என்ன?"

"நிபந்தனை மாமா. தேவையில்லாதது வராம இருக்கறதுக்கு."

விட்டுவிட்டேன். ஆனால் மறக்கவில்லை.

எழுத்துகள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நம்பரோடு. 'அப்பா, மாத்திரை வாங்கிட்டேன்.' 'அப்பா, மழை வருது, மாடிக் கதவைச் சாத்துங்க.' 'அப்பா, போனைக் காதுல வைக்கும்போது தலைகீழா வைக்காதீங்க.' இதையெல்லாம் அன்றைக்குப் படித்தது நினைவிருந்தது. பதில் போட்டதில்லை. எனக்கு எழுத வராது, போன் பண்ணித் திட்டுவேன். நூற்று ஐம்பத்து மூன்றாவது எழுத்து: 'அப்பா, சாயங்காலம் வீட்டுக்கு வரேன். பேசணும்.' சாவியை வாங்கிய நாள். அதோடு நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

அவள் அதை மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

நான் இடது பக்கத்தைப் பார்த்தேன். என் இடது கண்ணைச் சுருக்கினால் கொஞ்சம் தெரியும். அப்பா என்று எழுதிய பெட்டி, அதற்குக் கீழே அனுப்பியவை என்ற பெட்டி, அதன் ஆரம்பச் சீட்டிலேயே ஓர் எண்ணிக்கை இருந்தது. எழுத்தை பஸ் போர்டு அளவுக்குப் பெரிதாக்கியவளே அவள்தான். இரண்டு, ஒன்று, நான்கு.

"சீட்டுல இருநூத்திப் பதினாலு போட்டிருக்கு. நீ எண்ணிக் கொடுத்தது நூத்தி அம்பத்தி மூணு. மீதி அறுபத்தொண்ணு எங்கம்மா?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எனக்குக் கண்ணுதான் மங்கிடுச்சு. எண்ண வரும். எங்க ஒளிச்ச?"

"ஒளிக்கல மாமா."

"அழிச்சியா?"

"வடிகட்டினா எதுவும் அழியாது. ஃபைல் அப்படியேதான் இருக்கும். கேட்டது மட்டும் கண்ணுக்கு வரும், மத்தது வராது, அவ்வளவுதான்."

"அப்ப என் கண்ணுக்கு எது வரக் கூடாதுன்னு நீ முடிவு பண்ணிட்ட. அவன் கண்ணை மறைச்ச மாதிரி."

அவள் எழுந்துவிட்டாள். குரல் உயரவில்லை. "வேண்டாம் மாமா. இதோட விட்டுடுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எடு."

"மாமா..."

"அந்த அடைப்பை எடு. இல்ல, இந்த நாற்காலியிலேயே உக்காந்திருப்பேன். எனக்கு வேற வேலை இல்ல, உன் புருஷன் பண்ண புண்ணியத்துல."

உட்கார்ந்தாள். சதுர அடைப்புக்குள் இருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் ஓர் எழுத்தைத் திறந்து படித்தால், அந்த எழுத்தின் பெட்டிக்குள் 'படித்தாயிற்று' என்று ஒரு குட்டிச் சீட்டு வந்து விழுமாம். அந்தச் சீட்டு உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் எடு என்பதுதான் அவள் போட்ட நிபந்தனை.

"மிச்ச அறுபத்தொண்ணுல அந்தச் சீட்டு இல்ல. நீங்க ஒண்ணைக்கூடத் திறக்கல. அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் எழுதிக்கிட்டே இருந்தாரு. இப்ப வந்து கேக்கிறீங்க. இதைக் காட்டி உங்களைக் குத்த எனக்குத் தெம்பு இல்ல மாமா. அதான் எடுத்தேன்."

அடைப்பை அழித்தாள். பட்டியல் நீண்டது. என் கண் கலங்கி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "படி" என்றேன். முதல் தடவையாக அவளைப் படிக்கச் சொன்னேன்.

'அப்பா, பக்கத்து வீட்டு மாமா சொன்னாரு. எழுதிட்டேன். மேலாளர்கிட்ட போனது என் தப்பு. கண்ணைக் காட்டுங்கன்னு உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன், நீங்க கேக்கல, பயந்துட்டேன். உங்க வண்டிக்குப் பின்னால யாராவது விழுந்திருந்தா நீங்க தாங்க மாட்டீங்க. மன்னிச்சுடுங்க.'

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அதே நாள் தேதி.

'அப்பா, படிச்சீங்களா?'

'அப்பா, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். பேச வேண்டாம், வந்தா போதும்.'

'அப்பா, பன்னெண்டு வரைக்கும் நின்னேன். பரவாயில்ல. வேற நாள் வாங்குறேன்.'

இப்படி நான்கு தடவை நின்றிருக்கிறான். ஒரு தடவை மழையில். மற்றதெல்லாம் சின்னச் சின்ன சேதி. இன்றைக்கு லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஓர் ஆள் வெளியே வந்ததும் என்னையே திட்டினான், உங்கள் நினைவு வந்தது என்று ஒன்று. இவள் செய்த குழம்பை நானே சாப்பிட்டு முடித்துவிட்டேன், உங்களைப் போல உப்பு அதிகம் கேட்கிறேன் என்று இன்னொன்று. ஓர் எழுத்தில் ஒரே வரி: 'அப்பா, ஒரு புள்ளி வச்சு அனுப்புங்க. எழுத வேண்டாம். ஒரே ஒரு புள்ளி.'

மருமகள் அந்த இடத்தில் நிறுத்தினாள். "ஒரு புள்ளி மாமா. அதுக்குமா கை வரல உங்களுக்கு?"

"வரல" என்றேன்.

"தெரியுது."

"என் கையைச் சொல்லல. இது எதுவும் எனக்கு வரல. ஒண்ணுகூட வரல." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் போட்டேன். "தினமும் பார்த்தேன். நீ தடுத்துட்டன்னு நினைச்சேன். நீயே பாரு. இந்தா."

என் போனை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. அவள் என்னை நம்பாமல்தான் எடுத்தாள். அன்று அந்த அறையில் நம்பாத ஆட்கள் இரண்டு பேர் இருந்தோம். எழுத்துகள் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பழையவை மட்டும் இருந்தன, புதிதாக ஒன்றும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனாள்.

"யாராவது இதுல அவர் நம்பரைத் தடுத்து வச்சாங்களா?"

"போன் வரக் கூடாதுன்னு கடைக்காரன்கிட்ட சொன்னேன். எழுத்து வரும்னு சொன்னானே."

"நம்பரைத் தடுத்தா எல்லாமே தடுத்துரும் மாமா" என்று மெதுவாகச் சொன்னாள். "வரத்தான் செஞ்சிருக்கு. தனியா ஒரு இடத்துல போய் விழுந்திருக்கு. மணி அடிக்காது. நீங்களா உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

போனை என் பக்கம் திருப்பினாள். கொட்டை எழுத்தில் அவன் பெயரும், பக்கத்தில் ஓர் எண்ணும். அவ்வளவு நாளும் அது என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. சாப்பிடும்போது, தூங்கும்போது, அவள்மேல் பல்லைக் கடிக்கும்போது. எவன் மறைத்தான், எவள் தடுத்தாள் என்று ஊரெல்லாம் தேடினேன். போட்ட பூட்டு என் கையால் போட்டது.

அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்று இருந்தது.

"அறுபத்திரெண்டு" என்றாள் திடீரென்று.

"என்ன?"

"இதுல அறுபத்திரெண்டு இருக்கு மாமா. ஃபைல்ல அறுபத்தொண்ணுதான்." திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஃபைல் ஞாயித்துக்கிழமை எடுத்தது. அவர் போனது வியாழக்கிழமை."

நடுவில் நான்கு நாள். கடைசி எழுத்து புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்திருந்தது. அதை அவளும் பார்த்ததில்லை.

திறந்தாள். முதலில் தனக்குள் படித்தாள். பிறகு, நான் கேட்காமலே, முதலிலிருந்து சத்தமாகப் படித்தாள்.

'அப்பா, மூணு நாளா இடது தோள் வலிக்குது. மோட்டார் தூக்கினதுல பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். அவகிட்ட சொல்லல. சொன்னா வேலைக்கு விட மாட்டா, இந்த வாரம் முடிக்கணும். உங்களுக்கும் முன்ன ஒரு தடவை இதே மாதிரி வந்துச்சே, என்ன மாத்திரை போட்டீங்க? எழுத வேண்டாம். சனிக்கிழமை வரேன். கதவைத் திறக்காதீங்க, வெளியவே நிக்கிறேன். உள்ள இருந்து மாத்திரை பேரை மட்டும் சொல்லுங்க.'

படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன வலி மாமா அது?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"மாமா. உங்களுக்கு வந்தது என்ன வலி?"

"தோள்ல இல்லம்மா" என்றேன். "நெஞ்சுல. ஆஸ்பத்திரியில அடைப்புன்னு சொல்லிக் குழாய் வச்சாங்க. அவன் அப்ப வெளியூர்ல வேலையில இருந்தான். பயந்துடுவான்னு தசைப் பிடிப்புன்னு சொல்லி வச்சேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். போனைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தாள். அவகிட்ட சொல்லல என்ற இடத்தில் அவள் கட்டைவிரல் நின்றிருந்தது. தன் புருஷன் கடைசியாக எழுதிய எழுத்து இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதைப் பதினோரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்தவன் நான். அவளை ஒளித்தவள் என்று சொன்ன வாய் இது.

"இப்ப நாம திறந்துட்டோமே" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது. "உன் ஃபைல்ல அந்தச் சீட்டு விழுமா? படிச்சாச்சுன்னு?"

"விழாது மாமா. அது அன்னைக்கு எடுத்தது. அதுல இனி எதுவும் மாறாது."

எழுந்தாள். "இதைக் கொஞ்ச நேரம் நான் வச்சுக்கவா?" என்று கேட்டாள்.

"வச்சுக்கோ. உன்னோடதுதான்" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். திறக்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? திரையில் அந்தச் சீட்டு அப்படியே நின்றது, நாலு விரல் உயர எழுத்தில். இருநூற்றுப் பதினான்கு. அதுவும் தப்பு. ஒன்று குறைகிறது.